புற்றுநோய் மருத்துவத்தில் குறு ஆர்.என்.ஏ.க்கள்: மிர்-34ஏ திறந்த வழியும் எதிர்கொண்ட தடையும்

ஆய்வுச் சுருக்கம்

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள குறு ஆர்.என்.ஏ.க்கள், செல்லினுள் புரத உற்பத்தியின் அளவை நெறிப்படுத்துகின்றன. பல்வகைப் புற்றுநோய்களில் இவற்றின் அளவு பிறழ்ந்திருப்பது 2002ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து நிறுவப்பட்டு வருகிறது. குறைந்துபோன குறு ஆர்.என்.ஏ.வை மீண்டும் செல்லுக்குள் செலுத்துதல், மிகுந்துபோனதன் செயலைத் தடுத்தல் என்னும் இரு வழிகளிலும் மருந்துகள் உருவாக்கப்பட்டு மனிதர்களிடத்துச் சோதிக்கப்பட்டன. ஆயினும், புற்றுநோய்க்கென ஒரு குறு ஆர்.என்.ஏ. மருந்துகூட இதுவரை ஒப்புதல் பெறவில்லை. ஆய்வகத்தில் வலுவாக நின்ற ஒரு கருத்து நோயாளியின் உடலில் ஏன் தடுமாறியது என்பதை, மிர்-34ஏ என்னும் மூலக்கூற்றின் வரலாற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறு ஆர்.என்.ஏ., மிர்-34ஏ, பி53, லிப்போசோம், நோயெதிர்ப்பு எதிர்வினை, மருத்துவச் சோதனை

முன்னுரை

1993ஆம் ஆண்டு விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகிய இருவரின் ஆய்வகங்களும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் ஒரு புதுமையைக் கண்டன. லின்-4 என்னும் மரபணு எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை. அதிலிருந்து தோன்றியது 22 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டு மட்டுமே. அத்துண்டு லின்-14 என்னும் மற்றொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு அரைகுறையாகப் பொருந்தி, அதன் புரத உற்பத்தியைக் குறைத்தது. இது புழுவுக்கே உரிய விந்தை என்று கருதப்பட்டு ஏழாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் லெட்-7 என்னும் இரண்டாவது மூலக்கூறு கண்டறியப்பட்டு, அதே வரிசை மனிதர் உள்ளிட்ட பல விலங்கினங்களிலும் மாறாதிருப்பது தெரியவந்த பின்னரே இத்துறை விரைந்து வளர்ந்தது. 2024ஆம் ஆண்டு உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் வழங்கப்பட்டது.

கலைச்சொல் குறித்து இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என ஒலிபெயர்த்து வழங்கப்படுவதையே இக்கட்டுரை ‘குறு ஆர்.என்.ஏ.’ என்று குறிக்கிறது. செயற்கையாக வடிவமைக்கப்பட்டு ஒரேயொரு மரபணுவை அடக்குவதற்குப் பயன்படும் மற்றொரு வகையை ‘இடையீட்டுச் சிறு ஆர்.என்.ஏ.’ என்று வேறுபடுத்துகிறது. தமிழில் இவ்விரண்டையும் ‘சிறிய ஆர்.என்.ஏ.’ என ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் உண்டு. அளவில் இவை ஒத்திருப்பினும் மருத்துவப் பயன்பாட்டில் பெரிதும் வேறுபடுவதால், அவ்வழக்கம் வாசகரைத் திசைதிருப்பக்கூடியது. இடையீட்டுச் சிறு ஆர்.என்.ஏ. வகையைச் சார்ந்த பட்டிசிரான் என்னும் மருந்து, பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்காக 2018ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வெற்றியைக் குறு ஆர்.என்.ஏ.வின் வெற்றியாகக் கொள்வது பொருந்தாது.

குறு ஆர்.என்.ஏ. உருவாகி இயங்கும் முறை

குறு ஆர்.என்.ஏ. முதலில் செல்லின் உட்கருவில் நீண்ட இழையாகப் படியெடுக்கப்படுகிறது. அவ்விழை தன்மேல் தானே மடிந்து கொண்டைஊசி போன்ற வடிவம் பெறுகிறது. ட்ரோஷா என்னும் நொதி அதன் அடிப்பகுதியை வெட்டுகிறது. எஞ்சிய கொண்டைஊசி சைட்டோபிளாசத்துக்குக் கடத்தப்பட்ட பின், டைசர் என்னும் நொதி அதன் வளைவை நறுக்கி ஈரிழைத் துண்டாக்குகிறது. அவ்விரு இழைகளுள் ஒன்று ஆர்கோநாட் என்னும் புரதத்தில் அமர்ந்து வழிகாட்டி இழையாகிறது. மற்றது கழிக்கப்படுகிறது.

வழிகாட்டி இழையின் இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையுள்ள பகுதி ‘விதைப்பகுதி’ எனப்படும். தூது ஆர்.என்.ஏ.வின் இறுதியில், புரதமாகப் பெயர்க்கப்படாத வால்பகுதியில், இந்த ஏழு எழுத்துகளுக்குப் பொருந்தும் இடம் கிடைத்தாலே பெரும்பாலும் போதுமானது. அத்தூது ஆர்.என்.ஏ. சிதைக்கப்படும்; அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது தடைப்படும். ஏழு எழுத்துப் பொருத்தம் என்பது மிக எளிய நிபந்தனையாதலால், ஒரே குறு ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடிகிறது. மனிதரின் புரதக் குறிமுறை மரபணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை குறு ஆர்.என்.ஏ.க்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என 2009ஆம் ஆண்டில் வெளியான கணிப்பு காட்டியது.

ஒரு குறு ஆர்.என்.ஏ. தன் இலக்குகளை முற்றாக அணைத்துவிடுவதில்லை. பெரும்பாலான இலக்குப் புரதங்களின் அளவு பாதியளவுக்குக்கூடக் குறைவதில்லை என்பதை 2008ஆம் ஆண்டின் புரதத்தொகுதி ஆய்வுகள் அளந்து காட்டின. விளக்கை அணைக்கும் விசையைக் காட்டிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கே இது நெருக்கமானது. ஒரு திருகு நூற்றுக்கணக்கான ஒலிகளைச் சற்றுச் சற்றே குறைப்பதால், கூட்டு விளைவு பெரிதாகிறது. புற்றுநோய் ஆய்வாளரை ஈர்த்ததும் இப்பண்பே; பின்னர் இடர் விளைத்ததும் இதுவாக இருக்கக்கூடும்.

புற்றுநோயுடன் தொடர்பு நிறுவப்படல்

நாட்பட்ட நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோயில் 13ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி அடிக்கடி இழக்கப்படுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. அப்பகுதியில் கட்டியடக்கும் மரபணு ஒன்று இருத்தல் வேண்டும் எனப் பல ஆண்டுகள் தேடியும், பொருத்தமான புரத மரபணு எதுவும் அகப்படவில்லை. 2002ஆம் ஆண்டு கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில் ஜார்ஜ் காலின் உள்ளிட்டோர், அவ்விடத்தில் மிர்-15ஏ, மிர்-16-1 என்னும் இரு குறு ஆர்.என்.ஏ.க்கள் அமைந்திருப்பதையும், பெரும்பான்மை நோயாளிகளிடம் அவை குறைந்தோ இல்லாமலோ இருப்பதையும் காட்டினர். செல்லின் இறப்பைத் தடுக்கும் பிசிஎல்-2 என்னும் புரதத்தை இவ்விரண்டும் அடக்குகின்றன என்பது 2005ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அடக்குவோர் மறைந்ததால் பிசிஎல்-2 பெருகி, இறக்க வேண்டிய செல் இறவாது நிற்கிறது. புரத மரபணுவைத் தேடியவர்களுக்கு அகப்படாத காரணம், அங்கே இருந்தது புரத மரபணு அன்று என்பதே.

எதிர்த்திசைச் சான்றும் விரைவில் கிடைத்தது. மிர்-17-92 தொகுதி மிகும்போது எலிகளில் நிணநீர்ப் புற்று விரைவுபடுவது 2005இல் அறியப்பட்டது. 2010இல் பிராங்க் ஸ்லாக்கின் குழு, மிர்-21ஐ மட்டும் மிகுதியாக உருவாக்கும் எலிகளில் நிணநீர்ப் புற்று தோன்றுவதையும், அம்மிகுதியை நிறுத்தியவுடன் கட்டி மறைவதையும் காட்டியது. ஒரேயொரு குறு ஆர்.என்.ஏ. புற்றுநோயைத் தோற்றுவிக்கவும் தாங்கவும் இயலும் என்பதற்கு இதனினும் நேரடியான சான்று அரிது.

இங்கு ஒரு கட்டுப்பாட்டையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். ‘புற்றூக்கி’, ‘கட்டியடக்கி’ என்னும் பட்டங்கள் குறு ஆர்.என்.ஏ.வின் இயல்பைச் சுட்டுவன அல்ல. அது இயங்கும் செல்லின் சூழலைச் சார்ந்தன. மிர்-155 நிணநீர்ப் புற்றுகளில் மிகுந்து நோயை வளர்க்கிறது. அதே மிர்-155, கட்டியைத் தாக்கும் டி-செல்களின் செயல்திறனுக்கு இன்றியமையாதது. மருந்து எந்தச் செல்லைச் சென்றடைகிறது என்பதே நன்மையையும் தீமையையும் முடிவு செய்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அட்டவணையாகத் தரப்படும் ‘ஊக்கி – அடக்கி’ப் பகுப்பு இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

பி53 புரதமும் மிர்-34ஏ-யும்

மனிதப் புற்றுநோய்களில் மிகுதியாகப் பழுதுபடும் மரபணு பி53. டி.என்.ஏ. சேதமுறும்போது செல்லின் பிரிதலை நிறுத்துவது அல்லது செல்லை இறக்கச் செய்வது அதன் பணி. பி53 நேரடியாகத் தூண்டும் மரபணுக்களுள் மிர்-34 குடும்பமும் ஒன்று என்பதை 2007ஆம் ஆண்டில் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளியிட்டன. மிர்-34ஏ அமைந்துள்ள முதல் குரோமோசோமின் நுனிப்பகுதி, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா உள்ளிட்ட புற்றுநோய்களில் இழக்கப்படுவதும் இதனோடு பொருந்தியது.

மிர்-34ஏ அடக்கும் புரதங்களின் பட்டியல், புற்றுநோய் மருந்தாய்வாளர் தனித்தனியே துரத்தும் இலக்குகளின் பட்டியலை ஒத்திருக்கிறது: பிசிஎல்-2, மைக், மெட், செல் பிரிதலை இயக்கும் சிடிகே-4, சிடிகே-6, கட்டியின் மூலச்செல்களில் காணப்படும் சிடி-44. நோயெதிர்ப்புச் செல்லிடமிருந்து கட்டியை மறைக்கும் பிடி-எல்1 புரதத்தையும் இது குறைக்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. ஒரு வழியை அடைக்கும் மருந்துக்கு எதிராகப் புற்றுச்செல் மற்றொரு வழியைத் திறந்துகொள்ளும் என்பது மருத்துவர் நன்கறிந்த தொல்லை. பல வழிகளை ஒருங்கே நெருக்கும் ஒரு மூலக்கூறு அத்தொல்லைக்கு விடையாகத் தோன்றியது. அதுவும் புறத்தேயிருந்து வந்த நஞ்சு அன்று. நலமான செல் தானே உருவாக்குவது. ஆகவே அது நலமான செல்லுக்குத் தீங்கு செய்யாது என்னும் எதிர்பார்ப்பும் எழுந்தது. இந்த இரண்டாவது வாதம் ஆய்வகச் சான்றைவிட உள்ளுணர்வையே மிகுதியாகச் சார்ந்திருந்தது எனலாம். உடலுக்கு இயல்பான இன்சுலினும் அளவும் இடமும் தவறினால் உயிருக்கு ஊறு செய்யும்.

இரத்தத்திலிருந்து செல்லுக்குள்

குறு ஆர்.என்.ஏ.வை அப்படியே ஊசிவழி செலுத்தினால் அது கட்டியைச் சென்றடையாது. இரத்தத்திலுள்ள ரைபோநியூக்ளியேஸ் நொதிகள் அதனைச் சில நிமிடங்களிலேயே சிதைக்கத் தொடங்குகின்றன. சிதையாது எஞ்சுவதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. ஆர்.என்.ஏ. எதிர்மின் தன்மையுடையது, செல்லின் மென்சவ்வு அதனை எளிதில் உள்விடாது. உட்புகுந்தாலும் அது எண்டோசோம் என்னும் பைக்குள் சிறைப்படுகிறது. கொழுப்பு நுண்துகள் வழி செலுத்தப்பட்ட இடையீட்டுச் சிறு ஆர்.என்.ஏ.வில் 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே அப்பையிலிருந்து தப்பிச் சைட்டோபிளாசத்தை அடைகிறது என 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று அளந்தது. எஞ்சிய பெரும்பகுதி வீணாகிறது.

இச்சிக்கல் கல்லீரலுக்கு ஓரளவு தீர்ந்துவிட்டது. கல்லீரல் செல்கள் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை மூலக்கூற்றைப் பற்றி இழுக்கும் ஏற்பியை மிகுதியாகக் கொண்டுள்ளன. அச்சர்க்கரையை ஆர்.என்.ஏ.வோடு பிணைத்தால் போதும். இன்று புழக்கத்திலுள்ள இடையீட்டுச் சிறு ஆர்.என்.ஏ. மருந்துகள் பலவும் கல்லீரலை நோக்கியனவாக இருப்பதன் காரணம் இதுவே. நுரையீரலிலோ கணையத்திலோ வளரும் கட்டிக்கு இத்தகைய நேர்வழி இல்லை.

எம்.ஆர்.எக்ஸ்34 சோதனை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரில் இயங்கிய மிர்னா தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம், மிர்-34ஏ-யின் செயற்கை ஈரிழை ஒப்புருவை லிப்போசோம் துகளில் அடைத்து எம்.ஆர்.எக்ஸ்34 என்னும் பெயரில் உருவாக்கியது. அத்துகளின் மின்னூட்டம் சூழலுக்கேற்ப மாறும். இரத்தத்தின் நடுநிலையில் அது எதிர்மின் தன்மையோடு செல்களில் ஒட்டாது மிதக்கும். கட்டியைச் சூழ்ந்த அமிலத்தன்மையில் நேர்மின் தன்மை பெற்றுச் செல்லில் ஒட்டும். எலிகளின் கல்லீரல் கட்டிகளில் நல்ல பயன் கிட்டியது. 2013ஆம் ஆண்டு முதற்கட்ட மருத்துவச் சோதனை தொடங்கியது. புற்றுநோயாளரிடத்துச் சோதிக்கப்பட்ட முதல் குறு ஆர்.என்.ஏ. ஒப்புரு இதுவே.

தொடக்கத்தில் வாரம் இருமுறை மருந்து செலுத்தப்பட்டது. பின்னர், மூன்று வாரச் சுழற்சியில் தொடர்ந்து ஐந்து நாள்கள் செலுத்தும் முறை பின்பற்றப்பட்டது. இம்முறையில் 85 நோயாளிகள் மருந்து பெற்றனர். பெரும்பாலோர் பிற சிகிச்சைகளை மீறி நோய் முற்றியவர்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், சோர்வு, முதுகுவலி ஆகியன பரவலாகத் தோன்றின. அவற்றைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு தர வேண்டியிருந்தது. பயனைப் பொறுத்தவரை, கல்லீரல் புற்றுநோய், சிறுநீரகச் செல் புற்றுநோய், கைகால் நுனித் தோலில் தோன்றும் மெலனோமா ஆகியவற்றுள் ஒவ்வொருவர் என மூவருக்குக் கட்டி பகுதியளவு சுருங்கியது. 16 பேருக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சுழற்சிகள் வரை நோய் வளராது நின்றது. நோயாளிகளின் வெள்ளையணுக்களில், மிர்-34ஏ-யின் இலக்கு மரபணுக்கள் மருந்தின் அளவுக்கேற்ப அடங்கியதும் பதிவாயிற்று.

கடும் நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் நான்கு நோயாளிகள் உயிரிழந்தனர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. அதன் முழு முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளியாயின. தோல்வியடைந்த சோதனைகள் வெளியீடு காணாது மறைந்துபோவது மருந்தாய்வுத் துறையின் பழைய நோய். இச்சோதனையின் தரவுகள் வெளியானமையால்தான் பின்வந்தோர் எதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிய முடிந்தது.

இடர்ப்பாட்டின் காரணங்கள்

உயிரிழப்புக்குக் காரணம் ஆர்.என்.ஏ.வா, அதனைச் சுமந்த துகளா என்பது அச்சோதனையால் முடிவு செய்யப்படவில்லை. மூன்று விளக்கங்கள் கருதத்தக்கன.

முதலாவது, கடத்தியைக் குறித்தது. லிப்போசோம் துகள்கள் நோயெதிர்ப்பு அமைப்பைத் தாமே கிளர்த்தக்கூடியவை. இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களும் மண்ணீரலின் விழுங்கு செல்களும் இவற்றை விரைந்து விழுங்குகின்றன. இரண்டாவது, ஈரிழை ஆர்.என்.ஏ.வைக் குறித்தது. வைரசுகள் பலவற்றின் அடையாளம் ஈரிழை ஆர்.என்.ஏ. என்பதால், டோல் வகை ஏற்பிகள் அதனைக் கண்டதும் எச்சரிக்கை மணியை அடிக்கின்றன. ரைபோஸ் சர்க்கரையில் மீத்தைல் அல்லது ஃப்ளூரின் சேர்க்கும் வேதிமாற்றங்கள் இவ்வேற்பிகளின் கண்ணிலிருந்து ஆர்.என்.ஏ.வை மறைக்க உதவுகின்றன.

மூன்றாவது விளக்கமே மிகவும் சிந்திக்கத்தக்கது. வெள்ளையணுக்களில் இலக்கு மரபணுக்கள் அடங்கின என்பது மருந்து செயல்படுகிறது என்பதற்கான சான்றாகவே முதலில் கொள்ளப்பட்டது. அதே தரவு, மருந்து செல்ல வேண்டாத இடத்துக்குச் சென்று தன் பணியைச் செவ்வனே செய்தது என்பதையும் உரைக்கிறது. டி-செல்களின் சமிக்ஞைப் பாதையிலுள்ள புரதங்கள் பலவற்றை மிர்-34ஏ அடக்குகிறது என்பது பின்வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. அவ்வாறாயின், சிக்கல் தூய்மையற்ற தயாரிப்போ முரட்டுக் கடத்தியோ மட்டுமன்று. பல இலக்குகளை ஒருங்கே தொடும் அப்பண்பேயாகும். டெக்சாமெத்தசோனும் இங்குக் கவனிக்கத்தக்கது. பிடி-எல்1ஐக் குறைத்து நோயெதிர்ப்பைத் தூண்ட வேண்டிய மருந்தை, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்துத் தர நேர்ந்தது ஓர் உள்முரண்.

விலங்குச் சோதனைகள் இதனை ஏன் முன்னறிவிக்கவில்லை என்னும் வினாவும் எழுகிறது. மனிதக் கட்டியை எலியில் வளர்க்க வேண்டுமாயின், அவ்வெலி நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியதாக இருத்தல் வேண்டும். பயனை அளக்கும் ஆய்வுகளில் பெரும்பான்மை இத்தகைய எலிகளிலேயே நிகழ்கின்றன. நோயெதிர்ப்பே இல்லாத உடலில் நோயெதிர்ப்பு எதிர்வினை தோன்றாது. முழு நோயெதிர்ப்புடைய விலங்குகளில் தனியே பாதுகாப்புச் சோதனை செய்யப்படினும், அவற்றின் ஏற்பிகளும் அவை கிளர்த்தும் சைட்டோகைன்களும் மனிதருடையவற்றோடு முற்றும் ஒத்திருப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் குறு ஆர்.என்.ஏ. குறித்து வெளியாகும் ஆய்வேடுகளில் பல, செல் வளர்ப்புக் குடுவையோடு நின்றுவிடுகின்றன. மனிதக் குருதி மாதிரியோடு மருந்தைக் கலந்து சைட்டோகைன் அளவைப் பார்க்கும் சோதனை பெருஞ்செலவுடையது அன்று. கடத்தித் துகளை வடிவமைக்கும் ஆய்வுகளில் அதனைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது தகும்.

பிற சோதனைகள்

ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற மற்றொரு முதற்கட்டச் சோதனை மிர்-16ஐப் பயன்படுத்தியது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் கொடிய புற்றில் மிர்-15, மிர்-16 குடும்பம் குறைந்திருப்பது இதன் அடிப்படை. கடத்தியாக அமைந்தவை பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட, உயிரற்ற, குரோமோசோம் இல்லாத சிற்றுறைகள். கட்டிச் செல்லின் மேலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பியைப் பற்றும் எதிர்ப்புரதம் அவற்றின்மேல் பூட்டப்பட்டிருந்தது. 2017இல் வெளியான முடிவுகளின்படி, மதிப்பிடப்பட்ட 22 பேருள் ஒருவருக்குக் கட்டி பகுதியளவு சுருங்கியது. 15 பேருக்கு நோய் நிலையாக நின்றது. 6 பேருக்கு வளர்ந்தது. இங்கும் அழற்சி சார்ந்த எதிர்வினைகளே மருந்தின் அளவை உயர்த்தவிடாது தடுத்தன. இருவேறு கடத்திகள், இருவேறு குறு ஆர்.என்.ஏ.க்கள், தடை ஒன்றே.

தடுப்பி வழியில் குறிப்பிடத்தக்கது கோபோமார்சென். மிர்-155ஐப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் இவ்வோரிழை மூலக்கூறு, தோலில் தோன்றும் டி-செல் நிணநீர்ப் புற்றில் வோரினோஸ்டாட் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு இரண்டாம் கட்டத்தில் சோதிக்கப்பட்டது. 2020இல் அச்சோதனை நிறுவனத்தின் வணிகக் காரணங்களால் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புக் குறைபாட்டால் அன்று. அரிய நோயொன்றின் மருந்து அறிவியல் விடை காணுமுன்னரே கணக்கேட்டில் முடிவுறுவது, இத்துறையின் மந்தநிலைக்கு மற்றொரு காரணம்.

ஃபோலேட் இணைப்பு வழி

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கசின்ஸ்கியின் குழு, மிர்-34ஏ-யைத் துகளேதும் இன்றி வழங்க முயல்கிறது. கருப்பை அண்டகம், நுரையீரல், மார்பகம் ஆகியவற்றின் புற்றுச்செல்கள் பல, ஃபோலேட் என்னும் வைட்டமினைக் கவரும் ஏற்பியை மிகுதியாகத் தாங்குகின்றன. இக்குழு ஃபோலேட்டை மிர்-34ஏ-யோடு நேரடியாகப் பிணைத்தது. 2017ஆம் ஆண்டு வெளியான முதல் வடிவம் எலிகளின் நுரையீரல் கட்டி வளர்ச்சியைத் தணித்தது. 2023ஆம் ஆண்டு வெளியான வடிவத்தில் இழையின் எல்லா நியூக்ளியோடைடுகளும் வேதிமாற்றம் செய்யப்பட்டிருந்தன. அது குருதிச் சீரத்தில் நெடுநேரம் சிதையாது நின்றது. எலிகளில் கட்டியடக்கும் ஆற்றலும் கூடியது. கடத்தித் துகள் நீக்கப்பட்டமையால் முதல் விளக்கம் சுட்டிய இடரும், முழு வேதிமாற்றத்தால் இரண்டாம் விளக்கம் சுட்டிய இடரும் குறைய வாய்ப்புண்டு. மூன்றாவது விளக்கம் சுட்டிய இடர் எவ்வளவு குறையும் என்பது, ஃபோலேட் ஏற்பி எந்தெந்த நலமான செல்களில் உள்ளது என்பதைப் பொறுத்தது. சிறுநீரக நுண்குழல்களில் அவ்வேற்பி உண்டு. கிளர்ச்சியுற்ற விழுங்கு செல்களில் அதன் மற்றொரு வடிவம் உண்டு.

எண்டோசோம் சிறையும் தீரவில்லை. துகள் இல்லாத நிலையில், பையை உடைக்கும் கொழுப்பும் இல்லை. நைஜெரிசின் என்னும் சிறு மூலக்கூற்றை ஃபோலேட் வழியே உடன் செலுத்தி, பொட்டாசியம் அயனிகளை இடம்மாற்றி, எண்டோசோமை நீரால் உப்பி வெடிக்கச் செய்யும் முறையை இக்குழு 2019ஆம் ஆண்டில் செல்களில் செய்து காட்டியது. நைஜெரிசின் அழற்சியைத் தூண்டும் இயல்புடையது என்பது நோயெதிர்ப்பியலார் நன்கறிந்த செய்தி. செல்லின் அபாய உணர்வியான இன்ஃப்ளமசோமைக் கிளர்த்த ஆய்வகங்களில் அதனையே பயன்படுத்துகின்றனர். ஆகவே, கட்டிக்கு வெளியே நைஜெரிசின் எவ்வளவு விடுபடுகிறது என்பதை முழு நோயெதிர்ப்புடைய விலங்கில் அளந்த பின்னரே இவ்விணைப்பு நோயாளியின் படுக்கையை நெருங்க இயலும்.